வாசகர் கேள்வி – பதில்: பொதுக் காரணியை வெளியே எடுப்பது

இயற்கணிதக் கோவைகளில் பொதுக் காரணியைக் கண்டு வெளியே எடுப்பது தொடர்பாக வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து இந்த இதழில் விடையளிக்கிறோம். மாறிகளைக் க, ச, ப, ம என்னும் எழுத்துகளால் குறித்திருக்கிறோம். இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால் அவற்றின் பெருக்கற்பலன் என்று கொள்ள வேண்டும்.

கேள்வி: 12க³ச − 18க²ச² + 6க²ச என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னார்கள். மூன்று உறுப்புகளிலும் 6க²ச இருப்பதால் அதை வெளியே எடுத்து, 6க²ச(2க − 3ச) என்று எழுதினேன். மூன்றாவது உறுப்பு முழுவதுமாக வெளியே வந்துவிட்டது, ஆகவே உள்ளே வைக்க எதுவும் இல்லை என்று நினைத்தேன். விடை தவறு என்று ஆசிரியர் குறித்திருக்கிறார். என்ன தவறு, ஐயா? — எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: பொதுக் காரணியை நீங்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். கெழுக்களான 12, 18, 6 ஆகிய மூன்றையும் வகுக்கும் மிகப் பெரிய எண் 6 என்பதும், எல்லா உறுப்புகளிலும் குறைந்தது க² என்ற படியும் ச என்ற படியும் இருக்கின்றன என்பதும் சரி. தவறு அதற்கு அடுத்த படியில் நேர்ந்திருக்கிறது.

ஒரு காரணியை வெளியே எடுப்பது என்றால், ஒவ்வோர் உறுப்பையும் அந்தக் காரணியால் வகுத்து, கிடைக்கும் ஈவை அடைப்புக்குறிக்குள் எழுதுவது என்று பொருள். 12க³ச என்பதை 6க²ச-வால் வகுத்தால் 2க கிடைக்கிறது. −18க²ச² என்பதை வகுத்தால் −3ச கிடைக்கிறது. மூன்றாவது உறுப்பான 6க²ச-வை அதே 6க²ச-வால் வகுத்தால் கிடைப்பது 1. ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் ஈவு 1 ஆகுமே தவிர, ஒருபோதும் 0 ஆகாது. ஆகவே சரியான விடை 6க²ச(2க − 3ச + 1).

உங்கள் எண்ணம் எங்கே வழி தவறியது என்பதைக் கவனியுங்கள். "வெளியே எடுத்தல்" என்றதும், பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அந்த இடம் காலியாகிவிடுவது போன்ற எண்ணம் மனத்தில் தோன்றிவிடுகிறது. அது கழித்தலின் படம். நாம் செய்வதோ வகுத்தல். 6க²ச − 6க²ச என்றால்தான் எதுவும் மிஞ்சாது. இந்தக் குழப்பம் மிகப் பலருக்கு வருவது. பொதுக் காரணிக் கணக்குகளில் இதைவிட அதிகமாகக் காணப்படும் பிழை வேறு இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

எண்களை இட்டுப் பார்த்தால் இழந்தது என்ன என்பது கண்ணுக்கே தெரியும். க = 2, ச = 1 என்று கொள்வோம். மூலக் கோவையின் மதிப்பு 96 − 72 + 24, அதாவது 48. நீங்கள் எழுதிய விடையின் மதிப்பு 24 × (4 − 3), அதாவது 24. இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் 24. மூன்றாவது உறுப்பின் மதிப்பு அதுவேதான்! அந்த உறுப்பு கோவையிலிருந்து முழுவதுமாகக் காணாமல் போயிருக்கிறது. 1 என்பதைச் சேர்த்து எழுதினால் 24 × (4 − 3 + 1) = 48 என்று கணக்கு நேராகிவிடும்.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. ஒத்த உறுப்புகள் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட ஒரு கோவையில் மூன்று உறுப்புகள் இருந்தால், அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று உறுப்புகள் இருந்தாக வேண்டும். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு வெளியே உள்ள காரணியை உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்போடும் பெருக்கி, தொடங்கிய கோவை திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ம(க + ச) = மக + மச என்ற பங்கீட்டுப் பண்பை வலமிருந்து இடமாகப் படிப்பதுதான் பொதுக் காரணி எடுத்தல்; ஆகவே இடமிருந்து வலமாகப் படித்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். காரணிப்படுத்தும் கணக்கில் நம் விடை சரிதானா என்பதை வேறு யாரையும் கேட்காமல் நாமே உறுதி செய்துகொள்ள முடிகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

கேள்வி: என் மகன் 24க⁴ச² + 36க³ச³ − 60க²ச² என்ற கோவையை 6க²ச²(4க² + 6கச − 10) என்று எழுதினான். பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் முழு மதிப்பெண் கிடைக்கவில்லை. விடை சமமாக இருந்தும் ஏன் ஏற்கப்படவில்லை? மிகப் பெரிய பொதுக் காரணியைத் தவறாமல் காண வழி உண்டா? — ஒரு தாய்

பதில்: உங்கள் மகன் எழுதிய விடையில் பொய் எதுவும் இல்லை, அம்மா. ஆனால் வேலை முடியவில்லை. அடைப்புக்குறிக்குள் உள்ள 4, 6, 10 ஆகிய மூன்றும் 2-ஆல் வகுபடுகின்றன. "காரணிப்படுத்துக" என்ற கட்டளைக்கு, இனி வெளியே எடுக்க எதுவும் இல்லை என்ற நிலை வரும் வரை செல்ல வேண்டும் என்று பொருள். எஞ்சியிருந்த 2-ஐயும் வெளியே கொண்டுவந்தால் 12க²ச²(2க² + 3கச − 5) என்ற முழுமையான விடை கிடைக்கிறது. முதலில் 2, பிறகு 3, பிறகு மீண்டும் 2 என்று சிறிது சிறிதாக எடுத்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். அப்படிச் செய்வதில் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள் மறுபடி பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

மாறிகளைப் பொறுத்தவரை விதி எளிது. ஒரு மாறி எல்லா உறுப்புகளிலும் இருந்தால், அதன் அடுக்குகளுள் மிகச் சிறியதை எடுக்க வேண்டும். மேலே உள்ள கோவையில் க-வின் அடுக்குகள் 4, 3, 2. க² என்பது மூன்றையும் வகுக்கும். க³ என்பது கடைசி உறுப்பை வகுக்காது. "பெரிய பொதுக் காரணி என்று சொல்லிவிட்டுச் சிறிய அடுக்கை எடுக்கச் சொல்கிறார்களே" என்று மாணவர்கள் தயங்குவதுண்டு. எல்லா உறுப்புகளையும் வகுக்கக்கூடியவற்றுள்தான் பெரியதைத் தேடுகிறோம் என்று விளக்கினால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். ஓர் உறுப்பிலாவது ஒரு மாறி இல்லாவிட்டால் அதை வெளியே எடுக்க முடியாது.

கெழுக்கள் சிறியனவாக இருக்கும்போது பெருக்கல் வாய்ப்பாட்டை நன்கு அறிந்திருந்தாலே போதும். பெரியனவாக இருக்கும்போது ஊகம் கைகொடுக்காது. 391க² − 299க என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். க பொதுவானது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. 391, 299 ஆகிய எண்களுக்குப் பொதுவாக ஏதேனும் உண்டா? 2, 3, 5, 7, 11 என்று முயன்றால் எதுவும் இரண்டையும் வகுப்பதில்லை. பலர் அத்துடன் நிறுத்திக்கொண்டு க(391க − 299) என்று எழுதிவிடுவார்கள்.

இங்கேதான் யூக்ளிட் துணைக்கு வருகிறார். ஏறத்தாழ கி.மு. 300-ஐ ஒட்டி அவர் தொகுத்த நூலின் ஏழாவது பகுதியில், இரண்டு எண்களுக்குப் பொதுவான மிகப் பெரிய வகுத்தியைக் காணும் முறை தரப்பட்டுள்ளது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மீதியைக் கண்டு, அடுத்து அந்தச் சிறிய எண்ணை மீதியால் வகுத்து, மீதி 0 ஆகும் வரை இப்படியே தொடர வேண்டும். கடைசியாக எதனால் வகுத்தோமோ அதுவே விடை. 391-ஐ 299-ஆல் வகுத்தால் மீதி 92. 299-ஐ 92-ஆல் வகுத்தால் மீதி 23. 92-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே மீப்பெரு பொது வகுத்தி 23; 391 = 23 × 17, 299 = 23 × 13. கோவையின் முழுமையான காரணி வடிவம் 23க(17க − 13). எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்காமலேயே விடை கிடைத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இரண்டு எண்களையும் வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வகுத்தல் மீதியையும் வகுத்தே தீரும் என்பதுதான் இம்முறை பலிப்பதற்குக் காரணம்.

கேள்வி: −6க² + 15க − 9 என்ற கோவைக்கு நான் 3(−2க² + 5க − 3) என்று எழுதினேன், நண்பன் −3(2க² − 5க + 3) என்று எழுதினான். எது சரி? குறையெண்ணை வெளியே எடுத்தால் குறிகள் மாறும்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. — ஒன்பதாம் வகுப்பு மாணவன்

பதில்: இரண்டும் சரி. −3-ஐ வெளியே எடுக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் −3-ஆல் வகுக்கிறோம். −6க² ÷ −3 = 2க²; 15க ÷ −3 = −5க; −9 ÷ −3 = 3. முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. குறை எண்ணை வெளியே எடுத்தால் உள்ளே எல்லாக் குறிகளும் மாற வேண்டும்.

நண்பர் எழுதிய வடிவத்தைப் பெரும்பாலும் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே உள்ள கோவையை மேலும் காரணிப்படுத்த வேண்டி வந்தால், முதல் உறுப்பு மிகை எண்ணாக இருப்பது கைக்கு எளிது. 2க² − 5க + 3 என்பது (2க − 3)(க − 1) என்று பிரிகிறது என்பதைக் காண்பதற்கும், −2க² + 5க − 3 என்பதை வைத்துக்கொண்டு திணறுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே செய்து பார்த்து உணரலாம்.

குறி மாற்றம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு. 3(க − ச) + ப(ச − க) என்ற கோவையைப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு அடைப்புக்குறிகளும் வெவ்வேறானவை; பொதுக் காரணி இல்லை என்று தோன்றும். ஆனால் ச − க என்பதிலிருந்து −1-ஐ வெளியே எடுத்தால் −(க − ச) ஆகிறது. கோவை 3(க − ச) − ப(க − ச) என்று மாறி, (க − ச)(3 − ப) என்று முடிகிறது. இரண்டு எண்களைக் கழிக்கும் வரிசையை மாற்றினால் குறி மட்டுமே மாறும் என்ற ஒரு செய்தியே இங்கே முழு வேலையையும் செய்கிறது. வர்க்கம் வரும்போது மட்டும் விழிப்பாக இருங்கள்: (ச − க)² என்பதும் (க − ச)² என்பதும் ஒன்றே, ஏனெனில் −1-இன் வர்க்கம் 1. ஆகவே 5(ச − க)² + 2(க − ச) என்பது (க − ச)(5க − 5ச + 2) ஆகும். இதில் எந்தக் குறியையும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: க² = 7க என்ற சமன்பாட்டில் இருபுறமும் க-வால் வகுத்து க = 7 என்று விடை எழுதினேன். விடைப் பகுதியில் 0, 7 என்று இரண்டு விடைகள் உள்ளன. வகுப்பது தவறா? பொதுக் காரணியை வெளியே எடுப்பதும் வகுப்பதுதான் என்கிறார்களே! — பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: மிக நல்ல கேள்வி, சற்று விரிவாகவே பார்ப்போம். வெளியே எடுப்பதும் நீக்கிவிடுவதும் ஒன்றல்ல. க² − 7க என்பதை க(க − 7) என்று எழுதும்போது, உறுப்புகளை க-வால் வகுத்தாலும் அந்தக் க-வை வெளியே பத்திரமாக வைத்திருக்கிறோம். கோவையின் மதிப்பு சிறிதும் மாறவில்லை. க = 0 ஆக இருந்தாலும் இந்தச் சமம் உண்மையாகவே இருக்கும். சமன்பாட்டின் இருபுறத்தையும் க-வால் வகுத்தபோதோ, நீங்கள் க-வைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். 0-ஆல் வகுக்க முடியாது என்பதால், அந்த வகுத்தல் நடந்த கணத்திலேயே "க என்பது 0 அல்ல" என்ற நிபந்தனையைச் சொல்லாமல் சேர்த்துவிட்டீர்கள். க = 0 என்ற விடை அந்த நிபந்தனையால்தான் வெளியேற்றப்பட்டது.

சரியான வழி, எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து க² − 7க = 0 என்று எழுதி, க(க − 7) = 0 என்று காரணிப்படுத்துவது. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 0 என்றால் அவற்றுள் குறைந்தது ஒன்றாவது 0 ஆக இருக்க வேண்டும். ஆகவே க = 0 அல்லது க = 7. இரண்டையும் மூலச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 0 = 0, 49 = 49.

வலப்பக்கம் 0 ஆக இருப்பது இங்கே மிக முக்கியம். க(க − 7) = 18 என்று இருந்தால், க = 18 அல்லது க − 7 = 18 என்று எழுதுவதில் பொருளே இல்லை; 18-ஐ இரண்டு எண்களின் பெருக்கற்பலனாக எழுத எண்ணற்ற வழிகள் உள்ளன. 18-ஐயும் இடப்பக்கம் கொண்டுவந்து க² − 7க − 18 = 0 என்று அமைத்து, (க − 9)(க + 2) = 0 என்று பிரித்தால்தான் 9, −2 என்ற உண்மையான விடைகள் கிடைக்கும். எண்களிலேயே 0-க்கு மட்டும் உள்ள இந்தத் தனிப் பண்புதான் காரணிப்படுத்துதலைச் சமன்பாடு தீர்க்கும் கருவியாக ஆக்குகிறது.

நீங்கள் தவறவிட்ட 0 என்ற விடை வெறும் சடங்கு என்று எண்ண வேண்டாம். தரையிலிருந்து நேர் மேல்நோக்கி, வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் எறியப்படும் பந்தின் உயரம், க வினாடிகளுக்குப் பிறகு ஏறத்தாழ 20க − 5க² மீட்டர் ஆகும் (புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு, காற்றின் தடையை விட்டுவிட்டால்). பந்து எப்போது தரையில் இருக்கிறது? 5க(4 − க) = 0; ஆகவே க = 0, க = 4. ஒன்று எறியப்பட்ட கணம், மற்றொன்று திரும்ப விழும் கணம். க-வால் வகுத்துவிட்டால் பந்து விழுவது தெரியும். எங்கிருந்து புறப்பட்டது என்பது மறைந்துவிடும்.

கேள்வி: பின்னத்தில் (க² + 5)/க என்பதைச் சுருக்கி க + 5 என்று எழுதலாமா? — கல்லூரி மாணவர்

பதில்: எழுதக்கூடாது. க = 1 என இட்டால் இடப்பக்கம் 6, வலப்பக்கமும் 6; தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. க = 2 என இட்டால் இடப்பக்கம் 4.5, வலப்பக்கம் 7. (சோதிப்பதற்கு 0, 1 ஆகிய எண்களைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது என்பதற்கு இதுவே சான்று.) பின்னத்தின் மேலும் கீழும் அடிக்கக்கூடியது பொதுக் காரணியை மட்டுமே. மேலே உள்ள இரண்டு உறுப்புகளுள் 5-இல் க இல்லாததால் அதைக் காரணியாக வெளியே எடுக்க வழியில்லை. ஆகவே அடிக்கவும் வழியில்லை. (க² + 5க)/க என்று இருந்தால், மேற்பகுதி க(க + 5) ஆகிவிடும். க என்பது 0 அல்லாதபோது க + 5 என்று சுருக்கலாம்.

கேள்வி: கச + 3க + 2ச + 6 என்பதை க(ச + 3) + 2(ச + 3) என்று எழுதும் வரை புரிகிறது. அடுத்த வரியில் திடீரென்று (ச + 3)(க + 2) என்று எழுதுகிறார்கள். இரண்டு (ச + 3) இருந்தனவே, ஒன்று எங்கே போயிற்று? — தனியாகக் கணிதம் பயிலும் வாசகர்

பதில்: (ச + 3) என்ற முழுத் தொகுதிக்கும் தற்காலிகமாக ம என்று பெயரிடுங்கள். கோவை கம + 2ம என்று ஆகிறது. இதில் ம பொதுக் காரணி. வெளியே எடுத்தால் ம(க + 2). ம எத்தனை உறுப்புகளில் இருந்தாலும், வெளியே எடுத்து எழுதும்போது ஒரு முறைதான் எழுதுகிறோம். 5க + 2க என்பதில் இரண்டு க இருந்தாலும் (5 + 2)க என்று ஒன்றையே எழுதுவது போல. இப்போது ம இருந்த இடத்தில் (ச + 3)-ஐத் திரும்ப வைத்தால் (ச + 3)(க + 2). எதுவும் தொலையவில்லை. பொதுக் காரணி என்பது ஓர் எண்ணாகவோ ஒற்றை மாறியாகவோதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு முழுக் கோவையே பொதுக் காரணியாக வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டால் இந்தப் படி இயல்பாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பலர் க(ச + 3) + 2(ச + 3) என்ற வரியிலேயே நிறுத்திவிட்டு, காரணிப்படுத்திவிட்டதாக எண்ணுகிறார்கள். அது இன்னும் ஒரு கூட்டல்தான். மாறிகளுக்கு எண்களை இட்டு மதிப்பைக் கணக்கிடும்போது, கடைசியாகச் செய்ய வேண்டிய செயல் பெருக்கலாக இருந்தால்தான் அது காரணி வடிவம். இந்த வரியில் கடைசிச் செயல் கூட்டல். (ச + 3)(க + 2) என்பதில் கடைசிச் செயல் பெருக்கல்.

இணைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். 2கச − 15 + 6க − 5ச என்று கொடுத்தால், முதல் இரண்டு உறுப்புகளில் பொதுவாக எதுவும் இல்லை. வரிசையை மாற்றி 2கச + 6க − 5ச − 15 என்று எழுதுங்கள். முதல் இணையிலிருந்து 2க(ச + 3); இரண்டாவது இணையிலிருந்து −5(ச + 3). விடை (ச + 3)(2க − 5). இரண்டாவது இணையில் −5-ஐ எடுக்காமல் 5-ஐ எடுத்தால் உள்ளே −ச − 3 வந்து, பொதுத் தொகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டு அடைப்புக்குறிகளும் ஒன்றுபோல அமையாவிட்டால், முதலில் குறியைப் பாருங்கள். அடுத்து வேறு இணையை முயலுங்கள். எல்லா நான்கு உறுப்புக் கோவைகளும் இப்படிப் பிரியும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. நீங்கள் கேட்ட கோவையில் 6-க்குப் பதிலாக 5 இருந்து, கச + 3க + 2ச + 5 என்று ஆனால், அது பிரியாது.

கேள்வி: தேர்வுக்கு அப்பால் பொதுக் காரணி எடுப்பதால் என்ன பயன்? விரித்து எழுதினால் என்ன, சுருக்கி எழுதினால் என்ன, மதிப்பு ஒன்றுதானே? — ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் பேரப்பிள்ளைகளின் கேள்வியாக அனுப்பியது

பதில்: மதிப்பு ஒன்றுதான், ஐயா, ஆனால் விரிந்த வடிவில் மறைந்திருக்கும் செய்தி காரணி வடிவில் வெளிப்பட்டுவிடுகிறது. ஓர் ஈரிலக்க எண்ணோடு அதன் இலக்கங்களை இடம் மாற்றி எழுதிய எண்ணைக் கூட்டினால் விடை எப்போதும் 11-ஆல் வகுபடுவது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். 47 + 74 = 121, 38 + 83 = 121, 25 + 52 = 77 என்று எத்தனை எடுத்துக்காட்டுகளைப் பார்த்தாலும் காரணம் தெரியாது. (10க + ச) + (10ச + க) = 11க + 11ச = 11(க + ச) என்று எழுதிய கணத்தில் காரணம் வெளிப்படையாகிவிடுகிறது. அதேபோல எந்த முழு எண்ணாக இருந்தாலும் க² + க என்பது இரட்டை எண். ஏனெனில் அது க(க + 1), அடுத்தடுத்த இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலன், அவற்றுள் ஒன்று கட்டாயம் இரட்டை.

வடிவியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. திண்ம உருளையின் மொத்தப் புறப்பரப்பு, வளைபரப்பையும் இரண்டு வட்ட முகங்களையும் கூட்டினால் வருவது: 2 × பை × ஆரம் × உயரம் + 2 × பை × ஆரத்தின் வர்க்கம். பொதுக் காரணியை எடுத்தால் 2 × பை × ஆரம் × (உயரம் + ஆரம்). மனப்பாடம் செய்வதற்கு வசதியான வடிவம் என்று பாடத்தில் கடந்து சென்றுவிடுகிறார்கள். ஆனால் 2 × பை × ஆரம் என்பது வட்டத்தின் சுற்றளவு அல்லவா? அப்படியானால் உருளையின் முழுப் பரப்பும், சுற்றளவை ஒரு பக்கமாகவும், உயரத்தையும் ஆரத்தையும் சேர்த்த நீளத்தை மறு பக்கமாகவும் கொண்ட ஒற்றைச் செவ்வகத்தின் பரப்புக்குச் சமம் என்று காரணி வடிவம் சொல்கிறது. வளைபரப்பை வெட்டி விரித்தால், சுற்றளவு அகலமும் உருளையின் உயரமும் கொண்ட செவ்வகம் கிடைப்பதை நாம் அறிவோம். வட்ட முகம் ஒவ்வொன்றையும் மிக மெல்லிய வட்டக்கோணப் பகுதிகளாக நறுக்கி மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினால், பாதிச் சுற்றளவு அகலமும் ஆரம் உயரமும் கொண்ட செவ்வகத்தை அது நெருங்கும். இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழுச் சுற்றளவு அகலமும் ஆரம் உயரமும் கிடைக்கும். இதை முதல் செவ்வகத்தின் மேல் வைத்தால் அகலம் சரியாகப் பொருந்துகிறது. பொதுக் காரணி என்பது இரண்டு செவ்வகங்களுக்கும் பொதுவான பக்கம். யூக்ளிட் தம் நூலின் இரண்டாம் பகுதியின் முதல் தேற்றத்தில் பங்கீட்டுப் பண்பை இதே செவ்வகங்களின் மொழியில்தான் கூறியிருக்கிறார்.

கணக்கிடும் உழைப்பும் குறைகிறது. 2க³ + 5க² − 4க + 7 என்ற கோவையில் நான்கு உறுப்புகளுக்கும் பொதுவான காரணி இல்லை. எனினும் முதல் மூன்றில் க பொதுவானது. அதை எடுத்து, உள்ளே மீண்டும் முதல் இரண்டில் க-வை எடுத்தால் ((2க + 5)க − 4)க + 7 என்று ஆகிறது. இது காரணி வடிவம் அல்ல, ஏனெனில் கடைசிச் செயல் கூட்டல். ஆனால் க = 3 என இட்டால், 6 + 5 = 11; 33 − 4 = 29; 87 + 7 = 94 என்று மூன்றே பெருக்கல்களில் மதிப்பு கிடைத்துவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகப் பெருக்கிக் கணக்கிட்டால் ஆறு பெருக்கல்கள் தேவைப்பட்டிருக்கும். கோவையின் படி உயர உயர இந்த இடைவெளி வேகமாகப் பெருகும். கணினிகளில் பல்லுறுப்புக் கோவைகளின் மதிப்பைக் காண இம்முறை இன்றும் பயன்படுகிறது. ஆங்கிலேயரான வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1819-இல் வெளியிட்ட கட்டுரையால் இது அவர் பெயரால் வழங்குகிறது. எனினும் சீனக் கணிதவியலாளர் சின் சியூஷாவ் 1247-இல் எழுதி முடித்த நூலிலேயே இந்த வழி கையாளப்பட்டிருக்கிறது.

கேள்வி: பின்னங்களைப் பொதுக் காரணியாக வெளியே எடுக்கலாமா? எடுக்கலாம் என்றால் 2க + 3 என்பதைக் கூட 2(க + 3/2) என்று எழுதிவிடலாமே! — பதினோராம் வகுப்பு மாணவன்

பதில்: எடுக்கலாம். (1/2)க² + (3/4)க என்பதில் (1/4)க-வை வெளியே எடுத்தால் (1/4)க(2க + 3) என்று, உள்ளே பின்னமே இல்லாத வடிவம் கிடைக்கிறது. பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு வெளியே எடுக்க வேண்டிய பின்னத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

2க + 3 = 2(க + 3/2) என்பதும் உண்மையே. 0 அல்லாத எந்த எண்ணையும் எந்தக் கோவையிலிருந்தும் இப்படி வெளியே எடுக்க முடியும் என்பதால்தான், முழு எண் கெழுக்கள் கொண்ட கோவையைக் காரணிப்படுத்தும்போது காரணிகளிலும் முழு எண் கெழுக்களே வர வேண்டும் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த வரம்புக்குள் 2க + 3-இல் 1, −1 ஆகியவற்றைத் தவிர வெளியே எடுக்க எதுவும் இல்லை. ஆனால் தேவை வேறாக இருக்கும்போது வரம்பைத் தளர்த்தலாம். 2க² + 3க + 5 என்ற கோவையை வர்க்கப் பூர்த்தி முறையில் எழுதத் தொடங்கும்போது, முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 2-ஐ எடுத்து 2(க² + (3/2)க) + 5 என்று எழுதுவதுதான் முதல் படி. உள்ளே பின்னம் வருவதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. க²-இன் கெழு 1 ஆக வேண்டும் என்பதே அப்போதைய தேவை.